கடைக்கு வராதவர்கள்

அந்த அம்மாவுக்குக் கடைக்கு வருகிற ஆட்களையே பிடிக்காதோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வந்தவர்களை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். பிறகு கண் தெருமுனைக்குப் போய்விடும். யார் இன்னும் வரவில்லை என்று தேடுகிற கண் அது. எங்களுக்குச் சந்தையை ஆராயக் கற்றுக்கொடுக்க வந்தவர், சந்தையில் இல்லாத ஆட்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கோபம் வருமா வராதா? எனக்கு வந்தது. அதை மறைக்கிற சாமர்த்தியமும் எனக்குக் கிடையாது.

பெயரைச் சொல்லப்போவதில்லை. நாங்கள் மேடம் என்று கூப்பிட்டோம். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடக் குறைய. திருநெல்வேலிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய ஏதோ ஊர். ஒரு மழைக்காலம் மட்டும் எங்களோடு இருந்தார். அதற்குப் பிறகு எந்த ஊர் வெள்ளத்தில் எந்தக் கடைக்கு எதிரே நிற்கிறாரோ, தெரியாது.

நாங்கள் இராஜபாளையத்தில் ஒரு சின்ன நிவாரண அமைப்பு. மழை, தீ என்று எங்காவது கஷ்டம் வந்தால் அரிசியும் பருப்பும் போர்வையும் கொண்டுபோய்க் கொடுப்போம். மில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் எங்கள் செயலாளர். சேத்தூரிலிருந்து பைக்கில் வருகிற டேவிட், பேண்டேஜ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான், இன்னும் சிலர். வெளியூரில் ஒரு பெரிய அமைப்பு எங்களுக்கு உதவ முன்வந்தது. ஒரே ஒரு நிபந்தனை போட்டது. உதவியைத் திட்டமிடும் முன்னால் அந்த ஊர்ச் சந்தை எப்படி ஓடுகிறது என்று பார்க்க எங்கள் ஆட்கள் பயிற்சி எடுக்க வேண்டுமாம்.

"அரிசி குடுக்கிறதுக்கு என்னத்துக்குய்யா ஆராய்ச்சி? பசிச்சவன் வந்தா அளந்து போட வேண்டியதுதானே" என்றார் செயலாளர். சொல்லிவிட்டுச் சரி என்று கையெழுத்தும் போட்டுவிட்டார்.

மேடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் லாட்ஜ் எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்து போனார். அந்த ஊரில் அத்தனை நாள் இருந்தவர், ஒரு நாளாவது எங்களுக்குப் பால்கோவா வாங்கி வந்தாரா? இல்லை. இந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

வந்த அன்றே எங்கள் ஸ்டோர் ரூமைப் பார்க்க வேண்டும் என்றார். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் பெட்டிகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. சென்னையில் ஒரு புண்ணியவான் வாங்கி லாரியில் அனுப்பியது. செயலாளர் பெருமையாகக் காட்டினார். மேடம் ஒரு பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்ததைப் படித்தார். எங்கள் அடுத்த தெருவில் தயாரானது.

"பக்கத்துத் தெருத் துணி மெட்ராஸ் வரைக்கும் போயிச் சுத்திப் பாத்துட்டு வந்திருக்கு" என்றார். "போகட்டும், அதுவும் நாலு ஊரு பாக்காண்டாமா?"

முகத்தில் சிரிப்பே இல்லை. நான்தான் அடக்க முடியாமல் வெளியே ஓடினேன். அந்தத் தெருவில்தான் நான் கணக்கு எழுதியது. செயலாளர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பயிற்சி என்றால் நாங்கள் ஹாலில் உட்கார்ந்து படம் பார்ப்போம், மத்தியானம் சாப்பாடு போடுவார்கள் என்று நினைத்திருந்தோம். அவர் எங்களை ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தைக்கு விரட்டினார். வெயிலில் அலைந்து, அரிசி என்ன விலை, பருப்பு என்ன விலை, எந்த ஊரிலிருந்து மூட்டை வருகிறது, யார் மொத்தமாக எடுக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு வந்து நின்றோம். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தோம்.

"விலை கேட்டீங்க, விலையைச் சொன்னாங்க. நல்லது. இதைப் போன்ல கேட்டாலே சொல்லிருப்பாங்களே?"

"பொறவு என்னத்தைக் கேக்கணும் மேடம்?" என்றான் டேவிட்.

"பக்கத்துல வன்னியம்பட்டில இருக்கவங்க எல்லாரும் இந்தச் சந்தைக்கா வருதாங்க? வராதவங்க வீட்லயும் சோறு பொங்கத்தானே செய்யுதாங்க? அவங்க எங்க வாங்குதாங்க? ஏன் இங்க வரல?"

மறுநாள் வன்னியம்பட்டிக்குப் போனோம். பஸ் படி ஏற முடியாத பெரியவர்கள், சைக்கிளில் வருகிற வியாபாரியிடம் வாங்குகிறார்கள். புருஷன் சந்தைப் பக்கம் குடித்துவிட்டுக் கிடப்பான் என்று ஒருத்தி வருவதில்லை. இன்னொரு அம்மா சொன்ன காரணம்தான் உச்சம். சந்தையில் பெரிய கடையில் தராசு பிடிக்கிற ஆள், அவள் வீட்டுக்காரரின் மூத்த சம்சாரத்துக்குத் தம்பியாம். "அந்த மூஞ்சில முழிச்சு நான் உப்பு வாங்கணுமாக்கும்?" என்று எங்களையே திருப்பிக் கேட்டாள்.

இதை வந்து சொல்லி நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நாங்கள் சிரித்து முடிக்கும் வரை அவர் காத்திருந்தார்.

"நாளைக்கு வன்னியம்பட்டியில தண்ணி வருதுன்னு வைங்க. நீங்க நம்பகமான பெரிய கடைன்னு பாத்து அந்த ஆளுகிட்டயே அரிசியக் குடுத்து எல்லாருக்கும் போடச் சொல்லுதீங்க. அந்தம்மா வருவாங்களா?"

டேவிட் விலை எழுதிய நோட்டை மூடி வைத்தான்.

"நீங்க ஊருக்கே அரிசி குடுத்தோம்னு எழுதிருவீங்க. அவங்க பட்டினி கெடப்பாங்க" என்றார்.

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து எங்கே கடையைப் பார்த்தாலும் எனக்குள் ஒரு குறுகுறுப்பு. நிம்மதியாக ஒரு கால் கிலோ கத்தரிக்காய் வாங்க முடியவில்லை. இந்தக் கடைக்கு யார் வரமாட்டார்கள், ஏன் வரமாட்டார்கள் என்று மனசு ஓடிவிடும். நல்லா இருக்கிற ஆளைக் கெடுத்து வைத்துவிட்டார்.

இந்தக் குணத்தை அவர் வேலையோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. என் தம்பி மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். மரியாதைக்குக் கூப்பிட்டேன். வந்தார், மொய் வைத்தார், இலையில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு மண்டப வாசலில் போய் நின்றுகொண்டார். நான் பின்னாலேயே போனேன்.

"உங்க எதுத்த வீட்டுக்காரங்க வரலையே?" என்றார்.

சாக்கடைத் தண்ணீர் எங்கள் பக்கம் வருகிறது என்று அவர்களோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அதை எப்படித்தான் கண்டுபிடித்தாரோ! "விருந்துக்கு வந்தா சாப்பிட்டமா, வாழ்த்துனமா, கெளம்புனமான்னு இருக்கணும் மேடம்" என்று சொல்லியே விட்டேன். "சரிதான்" என்று ஒத்துக்கொண்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு அந்த விசேஷத்தின் ருசியே போய்விட்டது.

இப்படி ஒரு ஆளோடு இருக்கும்போதுதான் அந்த மழை வந்தது.

சேத்தூருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். கண்மாய்க் கரை உடைந்து ஊருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சேத்தூர் ரோட்டில் இருந்த பாலமும் உட்கார்ந்துவிட்டதால் பஸ் நின்றுபோனது. சில நாள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சோறு ஆக்கிப் போட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் சனம் வீட்டுக்குத் திரும்பியது. திரும்பினால், வீட்டில் இருந்த அரிசியெல்லாம் ஊறிப் புளித்துக் கிடந்தது. பள்ளிக்கூடத்துச் சோறும் நின்றுவிட்டது. இனி ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அதற்கு வழி செய்ய வேண்டியது எங்கள் பொறுப்பு.

ஊரில் ஒரே ஒரு மளிகைக் கடை, மேலத்தெரு முக்கில். கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். அவர் சரக்கிலும் பாதி நனைந்துவிட்டது. அப்படியிருந்தும் பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகளுக்கு ஒரு கூடை பன் அனுப்பியிருந்தார். நாங்கள் இலவச அரிசியை லாரியில் கொண்டுபோய் இறக்கினால் அந்த மனுஷன் மிச்ச சரக்கை யாரிடம் விற்பார்? கடையைச் சாத்த வேண்டியதுதான். மேடம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடமே அதுதானே. அதனால் வீட்டுக்கு வீடு சீட்டு கொடுப்பது என்று முடிவு செய்தோம். சீட்டைக் கடையில் கொடுத்து அவரவருக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம், கடைக்கு நாங்கள் பணம் கொடுப்போம். ஆராய்ச்சி எதற்கு என்று கேட்ட செயலாளர், இதைத் தானே கண்டுபிடித்த மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாளே சீட்டு கொடுத்துவிடலாம் என்றார்.

"செத்த பொறுங்க சார்" என்றார் மேடம். குடையை எடுத்துக்கொண்டு கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில் போய் நின்றார். துணைக்கு என்னையும் நிறுத்திக்கொண்டார். சேறும் கொசுவும். கால் கடுக்கக் கடுக்க மத்தியானம் வரை நின்றோம். நடுவில் ஒருமுறை கடைக்குப் போய் ஒரு டீத்தூள் பாக்கெட் கேட்டார். அண்ணாச்சி இரண்டு கையாலும் எடுத்து நீட்டி, "வெயில்ல நிக்கீகளே, உள்ள வந்து உக்காருங்க மேடம்" என்றார். தங்கமான மனுஷன் என்று எனக்குத் தோன்றியது.

"கீழத்தெருவுல இருந்து ஒரு ஆளுகூட வரல, கவனிச்சீங்களா?" என்றார் மேடம்.

டேவிட்டைக் கேட்டோம். "அவுக எப்பவும் சேத்தூர்லதான் வாங்குவாக மேடம். அங்க விலை கொறைவு" என்றான்.

"பஸ் ஓடலையே. இப்போ எங்க வாங்குதாங்க?"

வாய்க்காலைத் தாண்டிக் கீழத்தெருவுக்குப் போனோம். முத்துமாரி என்று ஒருத்தி, சரிந்த சுவருக்குப் பக்கத்தில் மூன்று கல்லைக் கூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். இடுப்பில் பிள்ளை. மேடம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி கடையில அரிசி இருக்கே. போகலையா?"

"நாங்க அங்க போறதில்லக்கா."

"ஏன், தரமாட்டாராக்கும்?"

"ஐயோ, அப்படிச் சொன்னா நாக்கு அழுகிரும். கேட்டா குடுப்பாரு. எந்த நேரத்துல போனாலும் குடுப்பாரு." அடுப்பை ஊதிவிட்டுச் சொன்னாள். "ஆனா பொட்டலத்தைப் பலகையில வச்சிட்டுக் கையை எடுத்துக்கிடுவாரு. மேலத்தெருக்காரவுகளுக்குக் கையில குடுப்பாரு. எங்க அம்மா காலத்துல இருந்து அப்படித்தான். அதுக்குச் சண்டைக்கா போக முடியும்? அதான் பஸ் ஏறிருதோம். இப்பம் பஸ்ஸும் இல்ல."

"இந்த அரிசி ஏது?"

"ஊறுனதுல நல்லதாப் பாத்துக் கழுவி வச்சிருந்தேன். இதோட சரி."

எங்களில் யாருக்கும் இது புதிய விஷயமா? இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஊர்ப் படம் வரைந்தோம், கடையைப் போட்டோம், பாலத்தைப் போட்டோம், உடைந்த இடத்தைச் சிவப்பில் காட்டினோம். இதை எங்கே போடுவது? போட வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

செயலாளரிடம் சொன்னதும் அவர் கொதித்துப் போனார். "நானே விசாரிச்சுட்டேன் மேடம். அண்ணாச்சி இதுவரைக்கும் ஒருத்தருக்கும் இல்லைன்னு சொன்னதில்ல. ஊருல சும்மா கெடக்கிறதை நீங்க கெளப்பிவிட்டுராதீங்க. நாம சோறு போட வந்திருக்கோம்." அவர் கெட்டவர் இல்லை. சொந்தக் கைக்காசைப் போட்டு டீசல் ஊற்றுகிற ஆள். அந்த ஊர் சண்டையில்லாமல் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

"நானும் அதுக்குத்தானே வந்திருக்கேன் சார்" என்றார் மேடம். "ஒரே ஒரு தடவ எங்கூடக் கடைக்கு வாங்க. டீத்தூள் வாங்கணும்."

காலையில்தானே வாங்கினார் என்று எனக்கு ஆச்சரியம். மூன்று பேரும் போனோம். அண்ணாச்சி எழுந்து நின்றார். "வாங்க சார், வாங்க மேடம்." டீத்தூளைச் சில்லறையாக நூறு கிராம் போடச் சொன்னார் மேடம். அண்ணாச்சி தாளில் கொட்டி மடித்துக்கொண்டே, எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"மேடத்துக்குச் சொந்த ஊரு எது?"

மேடம் சொன்னார்.

"அட, அங்கதான எங்க சின்னக்காவைக் குடுத்திருக்கு! ஊருக்குள்ள எந்தப் பக்கம்?"

"ஊருக்குள்ள இல்ல அண்ணாச்சி. ரோட்டுக்குக் கெழக்க, காலனி."

மழை பெய்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார். அண்ணாச்சி, "அப்படியா, அப்படியா" என்று இரண்டு தடவை சொன்னார். நூலைச் சுற்றிப் பொட்டலத்தைக் கட்டினார். கை பாதி தூரம் வந்தது. வந்த கை அப்படியே இறங்கிப் பொட்டலத்தைப் பலகையில் வைத்துவிட்டுப் பின்னால் போய்விட்டது.

செயலாளர் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சிக்கும் தன் கை செய்தது அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். முகம் கறுத்துப் போனது.

மேடம் பொட்டலத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"மேடம்… நான் ஒண்ணும் நெனச்சு வைக்கல" என்றார் அண்ணாச்சி. "பழக்கம்."

"தெரியும் அண்ணாச்சி. நெனச்சு வச்சிருந்தா இன்னைக்கே உக்காந்து பேசித் தீத்துரலாம். பழக்கத்துக்கு நாளாகும். அதுவரைக்கும் கீழத்தெரு அடுப்பு காத்துக் கெடக்குமா?" கோபமே இல்லாமல் பேசினார். "சேத்தூர்ல இருந்து ஒரு வேன் சரக்கு அந்தப் பக்கம் வயக்காட்டுப் பாதையில வரட்டும். உங்க கடைக்கும் சீட்டு உண்டு. யாரு எங்க வாங்கணும்னு நெனைக்காங்களோ அங்க வாங்கட்டும். உங்க கடையும் இருக்கணும்லா."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். செயலாளர் தொண்டையைக் கனைத்தார்.

"சேத்தூர் மளிகைக்கடை பாய் நம்பர் எங்கிட்ட இருக்கு. நானே பேசுறேன்" என்றார். கடையை விட்டு இறங்கும் முன்பே போனை எடுத்துவிட்டார்.

திரும்பி நடக்கும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மேடம், நெசமாவே உங்க வீடு காலனியிலதானா? இல்ல, அவரைச் சோதிக்கணும்னு சொன்னீங்களா?"

அவர் நின்று என்னைப் பார்த்தார். "தெரிஞ்சா நீங்க என்ன செய்யப்போறீங்க?"

பளாரென்று அறை வாங்கினது போல இருந்தது. அதற்குப் பிறகு அவர் கிளம்பிப் போகும் வரை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

அண்ணாச்சி மாறினாரா என்று கேட்பீர்கள். அதற்குள் என்ன அவசரம்? கடை நடக்கிறது. சமீபத்தில் அந்தப் பக்கம் போயிருந்தேன், பலகையும் அப்படியேதான் இருக்கிறது. பாலம் கட்டி பஸ் ஓடுகிறது. கீழத்தெருக்காரர்கள் இப்போதும் சேத்தூருக்குத்தான் போகிறார்கள் என்று டேவிட் சொல்கிறான். அவன் இப்போதெல்லாம் விலை கொறைவு என்று காரணம் சொல்வதில்லை.

எனக்கு அந்த ஊரை நினைத்தால் ஞாபகம் வருவது, அண்ணாச்சி கடைக்குப் போய் வந்த மறுநாள் காலைதான். வயக்காட்டுச் சேற்றில் தள்ளாடித் தள்ளாடிப் பாயின் வேன் கீழத்தெருவுக்குள் வந்தது. பின் கதவைத் திறந்து, அரிசி, பருப்பு, எண்ணெய் என்று அங்கேயே கடை விரித்துத் தராசை மாட்டினார். சீட்டோடு முதல் ஆளாக வந்து நின்றவள் முத்துமாரி. பாய் அரிசியைப் படியில் அள்ளினார். அவள் பையை விரிக்கவில்லை. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து, ஒரு அரிசியைப் பல்லில் வைத்துக் கடித்தாள்.

"இது வேண்டாம் பாய். பழைய வாடை அடிக்கி. அந்த மூட்டையை அவுழுங்க."

எங்கள் செயலாளர் பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழிய, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தார்.

"ஏ தாயி, வெள்ளத்துல வீடே போயிக் கெடக்கு" என்றார் பாய். "இந்த நேரத்துல ஒனக்கு அரிசி பாத்துப் பொறுக்கி வேணுமாக்கும்?"

"வீடுதான போச்சு. நாக்கு இருக்குல்லா? அவுழுங்க பாய்."

பாய் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த மூட்டையின் வாயைப் பிரித்தார்.